பெரிய தோள் ஜவ்வுக் கிழிசல்: தைத்தால் ஒட்டுமா, ஒட்டாவிட்டால் என்ன செய்வது?

#1 – தோள்_பிசியோ_கேகேநகர்

எம்ஆர்ஐ கவரைக் கையில் வைத்துக்கொண்டு "ஜவ்வு முழுசா கிழிஞ்சிடுச்சாம், ஆபரேஷன் பண்ணா பழையபடி ஆயிடுமா?" என்று கேட்டு வருகிறவர்கள் சென்னையில் எந்த பிசியோ சென்டரிலும் தினம் இரண்டு பேராவது இருப்பார்கள். "ஆகிவிடும்" என்கிற பதிலும் தப்பு, "பிரயோஜனமில்லை" என்கிற பதிலும் தப்பு. இந்த இழையில் பெரிய கிழிசலை மட்டும் பேசுவோம். முன்னிருந்து பின்னாக 5 செ.மீ.க்கு மேல் திறந்திருப்பது, அல்லது ரொட்டேட்டர் கஃபின் (தோள் பந்தைச் சுற்றிப் பிடிக்கும் தசைநாண்கள்; ஜவ்வு என்பது இதைத்தான்) நான்கு நாண்களில் குறைந்தது இரண்டு எலும்பை விட்டு முழுசாக விலகியிருப்பது. ஒரு செ.மீ. கிழிசலுக்கான கணக்கை இதற்குப் போட்டுப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பமும் வருகிறது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: தைத்த நாண் எத்தனை பேருக்கு உண்மையில் ஒட்டுகிறது? ஒட்டாதவர்கள் கதி என்ன? தைக்கவே கூடாத தோளை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது? தியேட்டரில் இருப்பவர்கள், ஸ்கேன் படிப்பவர்கள், கேஸ் ஷீட் எழுதுபவர்கள் எல்லோரும் சொல்லுங்கள். தனி ஆளின் ரிப்போர்ட்டை இங்கே போட்டு மருந்து கேட்க வேண்டாம்.

#2 – ஆர்த்தோ_அடையாறு

மேடம், முதல் கேள்விக்கே பலர் முகம் மாறும். 2004-ல் அமெரிக்காவில் கேலட்ஸ் குழுவினர் கீஹோல் முறையில் (சின்னத் துளைகள் வழியே கேமரா விட்டு) தைத்த 18 பெரிய கிழிசல்களை அல்ட்ராசவுண்டில் திரும்பப் பார்த்தார்கள். 17 தோள்களில் நாண் மறுபடி திறந்திருந்தது. ஆனால் அதே ஆட்களுக்கு ஒரு வருடத்தில் வலி வெகுவாகக் குறைந்திருந்தது, கையும் தலைக்கு மேல் போனது. இரண்டாம் வருடத்தில் மதிப்பெண் கொஞ்சம் இறங்கியது. அறுவைக்கு முந்தைய நிலைக்கு மட்டும் இறங்கவில்லை.

அது ஆங்கர்களை (நூலோடு எலும்பில் பதிக்கும் சிறு ஆணிகள்) ஒரே வரிசையில் போட்ட ஒற்றை வரிசைத் தையல் காலம். இப்போதைய தையலில் நிலைமை தேறியிருக்கிறது. இருந்தாலும் பெரிய கிழிசலில் மறுகிழிசல் அபூர்வம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரிட்டனில் 2015-ல் முடிந்த பெரிய ஆய்வில் திறந்து தைப்பதையும் கீஹோலில் தைப்பதையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து இரண்டு பக்கமும் பலன் ஒன்றுதான். பல அளவுக் கிழிசல்கள் கலந்திருந்த அந்த ஆய்விலேயே, ஸ்கேனில் பார்த்தபோது பத்தில் நான்கு பேருக்கு நாண் ஒட்டாமலோ திரும்பக் கிழிந்தோ இருந்தது.

ஆகவே 'பலன்' என்ற சொல்லை இரண்டாகப் பிரித்துத்தான் பேச வேண்டும். வலி போவது ஒன்று. பலம் திரும்புவது வேறொன்று. வலி போவதற்கு நாண் ஒட்டியே தீர வேண்டும் என்பதில்லை. பைசெப்ஸ் நாணின் நீளத் தலையை வெட்டி விடுவது, வீங்கிய பர்ஸா என்ற மெத்தைப் பையைச் சுத்தம் செய்வது, ஆறு வாரம் ஸ்லிங்கில் ஓய்வு, பிறகு ஒழுங்கான பிசியோ, இவை எல்லாமே வலியைக் குறைக்கும். தலைக்கு மேலே எடை தூக்கும் பலம் வேண்டுமென்றால் நாண் ஒட்டத்தான் வேண்டும். தோளின் நிலையை அளக்கும் கான்ஸ்டன்ட் ஸ்கோரின் 100 மதிப்பெண்ணில் வலிக்கு 15, அன்றாட வேலைக்கு 20, அசைவுக்கு 40, பலத்துக்கு 25. மறுகிழிசல் ஆனவர்கள் இழப்பது பெரும்பாலும் அந்த 25-ல்தான். கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கும் அந்த 25 ஒரே விலை இல்லையே.

வயது: 2005-ல் பிரான்ஸில் பொய்லோ குழு 65 தோள்களைப் பார்த்தது. மொத்தத்தில் 71 சதவீதம் ஒட்டியது. 65 வயதைத் தாண்டியவர்களில் 43 சதவீதம்தான். அதுவும் சூப்ராஸ்பைனேட்டஸ் என்ற உச்சியில் உள்ள ஒற்றை நாண் கிழிசல்களில். இரண்டு நாண் போன தோளில் இன்னும் கீழே இறங்கித்தான் எதிர்பார்க்க வேண்டும்.

#3 – ஸ்கேன்_அறை

தைக்க முடியாத தோளை முன்கூட்டிச் சொல்வது எங்கள் வேலை. அதில் நடக்கும் தவறுகளையும் நான்தான் சொல்லியாக வேண்டும்.

நான்கு விஷயம் ரிப்போர்ட்டில் இல்லாவிட்டால் அந்த எம்ஆர்ஐயை வைத்து முடிவெடுக்காதீர்கள். எந்தெந்த நாண், எத்தனை செ.மீ.; நாணின் முனை எங்கே போய் நிற்கிறது; தசையில் கொழுப்பு எவ்வளவு; முன்பக்க சப்ஸ்காபுலாரிஸ், பின்பக்க டெரஸ் மைனர் என்ற இரண்டு கஃப் தசைகளும் எப்படி. கடைசியில் சொன்ன அந்த இரண்டு தசைகளைப் பற்றி "நார்மல்" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போகிற ரிப்போர்ட்தான் அதிகம். அறுவையையே மாற்றுகிற தகவல் அங்கேதான் இருக்கிறது.

நாண் எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்பதற்கு பாட்டே நிலை. முனை தன் எலும்பு இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் 1, பந்தெலும்பின் உச்சியில் நின்றால் 2, பந்து உட்காரும் தோள்பட்டைக் கிண்ணத்தின் விளிம்பு வரை போயிருந்தால் 3. கொழுப்புக்கு கூட்டாலியே நிலை. 0 என்றால் கொழுப்பே இல்லை, 1-ல் சில கோடுகள், 2-ல் தசையைவிடக் கொழுப்பு குறைவு, 3-ல் சரிபாதி, 4-ல் தசையைவிடக் கொழுப்பு அதிகம். இது 1994-ல் சிடி ஸ்கேனுக்காக வந்தது. எம்ஆர்ஐக்குப் பிற்பாடுதான் கொண்டுவந்தார்கள். நிலை 3, 4-க்குப் போன தசை, நாணைத் தைத்தாலும் பழைய தசையாகத் திரும்பாது.

இனி தவறு. கொழுப்பைப் பார்க்க சாய்ந்த சஜிட்டல் (பக்கவாட்டு வெட்டு) தளத்தில், கொழுப்பை அமுக்காத டி1 படம் வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்துகிற சென்டர்களில் அந்த வரிசையையே எடுப்பதில்லை. கொழுப்பை அமுக்கிய படத்தில் கொழுப்பை அளந்து "நிலை 1" என்று எழுதியிருப்பார்கள். படம் எடுக்க அனுப்பும் சீட்டிலேயே "டி1 சஜிட்டல், தோள்பட்டை எலும்பின் உள்பக்கம் வரை" என்று எழுதி அனுப்புங்கள்.

இன்னொரு பொறி: நாண் பின்வாங்கும்போது தசையின் வயிறும் உள்பக்கம் நகர்ந்துவிடும். வழக்கமாக அளக்கும் ஒய் வடிவப் படத்தில் தசையின் மெலிந்த வால்தான் தெரியும், மெலிவு உண்மையைவிட மோசமாகத் தோன்றும். தைத்து இழுத்த பிறகு அதே படத்தில் தசை 'வளர்ந்தது' போல இருப்பதும் இதனால்தான். அது குணம் இல்லை, இடப்பெயர்ச்சி.

எம்ஆர்ஐக்கு முன் நின்றபடி ஒரு நேர்முக எக்ஸ்ரே. பந்தெலும்பின் உச்சிக்கும் மேலே கூரை போல உள்ள அக்ரோமியன் எலும்புக்கும் இடைவெளி 7 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் பழைய, பெரிய கிழிசல் என்று எண்ணிக்கொள்ளலாம். படுத்து எடுக்கும் எம்ஆர்ஐயில் கை எடையின் இழுப்பு மாறிவிடுவதால் அந்த அளவை அங்கே எடுக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேல் பழசான எம்ஆர்ஐயைத் தூக்கிக்கொண்டு தியேட்டருக்குப் போவதும் வேண்டாம்.

#4 – முதுநிலை_மாணவர்

சார், கூட்டாலியே 3 என்றாலே தைக்கக் கூடாது என்று எடுத்துக்கொள்ளலாமா?

#5 – ஆர்த்தோ_அடையாறு

அப்படி ஒரு கோடு கிழிக்க முடியாது தம்பி. எந்தத் தசையில் 3 என்று பாருங்கள். சூப்ராஸ்பைனேட்டஸில் 3 இருந்து பின்பக்க இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் 1-ல் இருந்தால் இன்னும் தையலைப் பற்றிப் பேசலாம். இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் 3-க்குப் போய், பாட்டே 3 ஆக, எக்ஸ்ரே இடைவெளி 5 மி.மீ. ஆக இருந்தால் முழுத் தையல் என்பது பேப்பரில்தான் முழுத் தையல்.

கையால் பார்க்கும் பரிசோதனையும் அதே அளவுக்குச் சொல்லும். முழங்கையை உடம்போடு ஒட்டி, நாம் வெளிப்பக்கம் திருப்பிவிட்ட கை தானாகத் திரும்பி வயிற்றில் வந்து விழுந்தால் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் போயிருக்கிறது. கையை வாய்க்குக் கொண்டுபோக முழங்கையை முதலில் மேலே உயர்த்த வேண்டியிருந்தால் டெரஸ் மைனரும் போயிருக்கிறது. பிடித்துத் தூக்கினால் முழுக்க உயர்கிற கை தானாக 90 டிகிரியைத் தாண்டவில்லையென்றால் அதைப் பொய் வாதம் என்போம். அதில் ஒரு எச்சரிக்கை உண்டு: வலியாலேயே தூக்காதவர்களும் இருக்கிறார்கள். மூட்டுக்குள் 10 மி.லி. லிக்னோகைன் மரப்பு மருந்து செலுத்திப் பத்து நிமிடம் கழித்துத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கிவிட்டால் அது வலிதான், உண்மையான பலவீனம் இல்லை. அந்த ஒரு ஊசியைப் போட்டுப் பார்க்காமல் ரிவர்ஸ் மூட்டு (பந்தும் கிண்ணமும் இடம் மாறிய செயற்கைத் தோள்) வரை போய்விடுகிற கேஸ்கள் வருத்தம் தருகின்றன.

தியேட்டரில் பெரிய கிழிசலின் வரிசை இப்படிப் போகும். சப்ஸ்காபுலாரிஸ் கிழிந்திருந்தால் அதை முதலில் தைக்க வேண்டும்; நீர் ஏறி வீங்கினால் முன்பக்க இடம் மூடிக்கொள்ளும், பிறகு ஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. அடுத்து பைசெப்ஸ். பிறகு நாணை விடுவிப்பது: மேலே பர்ஸா ஒட்டல், கீழே கிண்ண விளிம்போடு மூட்டு உறையான கேப்ஸ்யூல். விளிம்பிலிருந்து 1.5 செ.மீ.க்கு மேல் உள்ளே வெட்டிக்கொண்டு போகக் கூடாது, சூப்ராஸ்காபுலர் நரம்பு அங்கே ஓடுகிறது. அந்த நரம்பு போனால் தைத்த தசைக்கே உயிர் இல்லை.

இப்போது நாணை கிராஸ்பர் இடுக்கியால் இழுத்துப் பாருங்கள். கையை உடம்போடு வைத்த நிலையில் நாண் தன் இடத்தைத் தொட வேண்டும். கையை 60 டிகிரி விரித்தால்தான் தொடுகிறது என்றால், ஸ்லிங்கைக் கழற்றும் நாளன்று அந்தத் தையல் அறுந்துபோகும். தொடவில்லையென்றால் இடத்தை 5 முதல் 7 மி.மீ. உள்பக்கம் தள்ளலாம். யூ வடிவக் கிழிசலின் இரு கரைகளையும் ஒன்றோடொன்று தைத்துக் குறுக்கலாம். அதற்கும் மேலே போராட வேண்டாம். பின்னால் இன்ஃப்ராஸ்பைனேட்டஸையும் முன்னால் சப்ஸ்காபுலாரிஸையும் சரியாக நிறுத்திவிட்டு உச்சியில் ஓட்டையை விட்டுவிடும் பாதித் தையல் தோல்வி ஆகாது. முன்னும் பின்னும் இழுப்பு சமமானால் பந்து கிண்ணத்தின் நடுவில் நிற்கும், தோளின் வெளித் தசையான டெல்டாய்டு கையைத் தூக்கிவிடும். தொங்கு பாலத்தை இரண்டு பக்கத் தூணும் தாங்குகிற கணக்கு.

ஒரு தவறை மட்டும் யாரும் செய்யாதீர்கள். முழுசாக மூட முடியாத தோளில் அக்ரோமியனைச் செதுக்கி, கொராகோ-அக்ரோமியல் லிகமென்டை வெட்டி எடுத்துவிடுவது. பந்து மேலேயும் முன்னேயும் வழுக்கி வராமல் கடைசியாகத் தடுப்பது அதுதான். வெட்டினால் பந்து தோலுக்கடியில் வந்து நிற்கும். அதன் பிறகு ரிவர்ஸைத் தவிர வழி இல்லை.

#6 – ஆர்த்தோ_தாம்பரம்

அடையாறு சாரோடு ஒரு இடத்தில் உடன்பட மாட்டேன். 65 தாண்டினால் ஒட்டாது என்ற எண்ணை வயதுச் சான்றிதழ் மாதிரி எல்லோருக்கும் ஒட்டக் கூடாது. வயது ஒன்றாக இருந்தாலும் எலும்பு, சர்க்கரை, புகை, கிழிசல் எத்தனை நாள் பழசு, எல்லாம் வேறு வேறு. குறிப்பாக விழுந்து கிழிந்த தோளைத் தனியாக எடுங்கள். 68 வயதுக்காரர் டூ-வீலரிலிருந்து விழுகிறார், முந்தின நாள் வரை கை நன்றாகத் தூக்கியவர், எம்ஆர்ஐயில் இரண்டு நாண் போயிருக்கிறது, தசையில் கொழுப்பு இல்லை. அவரை "வயசாயிடுச்சு, பிசியோ பாருங்க" என்று ஆறு மாதம் ஓட்டுவது பெரும் தவறு. முதல் சில வாரங்களுக்குள் தைத்தால் நாண் சுலபமாக வந்து உட்காரும். கொழுப்பு ஏறிய பிறகு அந்தக் கதவு மூடிவிடும், திரும்பத் திறக்காது.

40-க்கு மேல் தோள் இடம் பெயர்ந்து ஏற்றிவிட்டவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் கை தூக்கவில்லையென்றால் "நரம்பு அடிபட்டிருக்கு, வந்துடும்" என்று அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. நரம்பும் அடிபட்டிருக்கலாம், கூடவே கஃபும் கிழிந்திருக்கலாம். ஒரு அல்ட்ராசவுண்டு போதும்.

தையலைப் பற்றி: இரட்டை வரிசைப் பாலத் தையல் (ஆங்கர்களை உள்ளும் வெளியுமாக இரண்டு வரிசையில் போடுவது) பெரிய கிழிசலில் மறுகிழிசலைக் குறைக்கிறது என்பதை ஏற்கிறேன். அதற்கும் ஒரு விலை உண்டு. உள் வரிசை நூலை நாணும் தசையும் சேரும் இடத்துக்கு மிக அருகில் போட்டு இறுக்கினால், எலும்பில் நாண் ஒட்டியிருக்கும், அதற்கு உள்பக்கம் தசையோரத்தில் அறுந்திருக்கும். மறுபடி தைக்க நாணே மிஞ்சாத கிழிசல் அது. முனையிலிருந்து உள்ளே நல்ல நாண் 10 மி.மீ.க்குக் குறைவாக இருக்கும் தோளில் ஒற்றை வரிசை போதும்.

வயதான பெண்களின் எலும்பில் ஆங்கர் பிடுங்கிக்கொண்டு வருவது வேறு தொல்லை. நாண் ஒட்டும் அந்த டியூபராசிட்டி எலும்பு சில பேருக்கு உளுத்த மரம் மாதிரி இருக்கும். எலும்பைச் சுரண்டும்போது ரத்தம் கசிகிற அளவோடு நிறுத்துங்கள், மேல்தோடு முழுவதையும் எடுத்துவிட்டால் ஆங்கருக்குப் பிடிமானம் போய்விடும். 4.5 மி.மீ. பிடிக்கவில்லையென்றால் அதே துளையில் 5.5, 6.5 என்று ஏறலாம், அல்லது பந்தின் குருத்தெலும்பு ஓரத்துக்குப் பக்கத்தில் மாற்றிப் போடலாம், அங்கே எலும்பு கெட்டி.

#7 – ஆர்த்தோ_அடையாறு

தாம்பரம் சார் சொன்ன விபத்துக் கிழிசலை நானே பிரித்து எழுதியிருக்க வேண்டும். முழுக்க உடன்படுகிறேன்.

#8 – மயக்கவியல்_தரமணி

எங்கள் பக்கத்திலிருந்து நான்கே குறிப்பு. கழுத்தருகே போடும் இன்டர்ஸ்கேலீன் பிளாக் (தோளையும் கையையும் மரக்கச் செய்யும் நரம்பு ஊசி) 20 மி.லி. போட்டால் அந்தப் பக்க உதரவிதானம் ஏறக்குறைய எல்லோருக்குமே தற்காலிகமாக வேலை செய்யாது. நல்ல நுரையீரலுக்குத் தெரியாது. ஆஸ்துமா, பீடி நுரையீரல், அதிக எடை உள்ளவர்களுக்கு மூச்சு முட்டும். அவர்களுக்கு 5 மி.லி. அளவில் குறைத்துப் போடலாம், அல்லது சூப்ராஸ்காபுலர், ஆக்ஸிலரி நரம்புகளைத் தனித்தனியாக மரக்கச் செய்யலாம்.

உட்கார்ந்த நிலை அறுவையில் தலை, கையில் கட்டிய பிபி பட்டைக்கு மேலே 20, 25 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஒரு செ.மீ.க்கு முக்கால் மி.மீ. பாதரசம் வீதம் குறைத்துத்தான் மூளையின் அழுத்தத்தைக் கணக்கிட வேண்டும். பட்டையைக் கெண்டைக்காலில் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது ஆபத்து.

பெரிய கிழிசல் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும்போது 3 லிட்டர் சலைன் பைகள் வரிசையாக இறங்கும், தோளிலிருந்து கழுத்துக்கு நீர் ஏறும். டிரேப்புக்குள் கை விட்டு அவ்வப்போது கழுத்தைத் தொட்டுப் பாருங்கள்.

பிளாக் இறங்குவது பெரும்பாலும் நடு இரவில். அது இறங்கும் முன்பே வலி மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். பிளாக்கை நீட்டிக்க டெக்ஸாமெத்தசோன் சேர்த்திருந்தால் சர்க்கரைக்காரர்களுக்கு மறுநாள் அளவு ஏறும், வார்டுக்கு எழுதி அனுப்புங்கள்.

#9 – முதுநிலை_மாணவர்

பலூன் வைக்கிறார்களே, அது எப்படி? கூடவே இன்னொரு கேள்வி: தைக்க முடியாத தோளுக்கு என்னென்ன வழி?

#10 – ஆர்த்தோ_தாம்பரம்

பலூன்: அக்ரோமியனுக்கும் பந்துக்கும் நடுவில் கரையும் தன்மையுள்ள ஒரு பலூனை வைத்து சலைன் நிரப்புவது. சில மாதத்தில் கரைந்துவிடும். 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2022-ல் பிரிட்டனில் 117 பேரிடம் நடந்த ஆய்வு: ஒரு பாதிக்குச் சுத்தம் செய்தல் மட்டும், மறு பாதிக்குச் சுத்தம் செய்து பலூன். பாதியிலேயே ஆய்வை நிறுத்தினார்கள். 48-க்கு மதிப்பெண் போடும் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்கோரில் பலூன் வைக்காதவர்கள் 34, வைத்தவர்கள் 30. அதே ஆண்டில் வந்த அமெரிக்க ஆய்வு பாதித் தையலோடு ஒப்பிட்டு, பலூன் அதற்குக் குறைந்ததில்லை என்றது. ஒப்பிட்ட பொருளே வேறு என்பதைக் கவனியுங்கள். என் கணிப்பில் சொந்தப் பணத்தைப் போட்டு வாங்கும் பொருள் அது இல்லை.

மேல் கேப்ஸ்யூலைப் புதிதாகக் கட்டுவது ஜப்பானின் மிஹாதா கொண்டுவந்தது. தொடைப் பக்கத்து ஃபேஷியா லேட்டா என்ற தசை உறையை மடித்து 6 முதல் 8 மி.மீ. தடிமனாக்கி, கிண்ணத்தின் மேல்விளிம்பிலிருந்து பந்தெலும்பு வரை தைப்பார். 2013-ல் அவர் வெளியிட்ட பலன் பிரமாதம்: 24 தோள்களில் 20-ல் எதுவும் கிழியவில்லை. மற்ற நாடுகளில் 3 மி.மீ. தோல் ஒட்டுப் பொருளை வைத்துச் செய்தபோது அதே பலன் வரவில்லை. தடிமன் முக்கியம். தொடையில் நீளமான தழும்பு, சில மாத நடை வலி, இதை நோயாளிக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

60-க்குக் கீழ் உள்ள உடலுழைப்பாளி, மூட்டுத் தேய்மானம் இல்லை, சப்ஸ்காபுலாரிஸ் நன்றாக இருக்கிறது, வெளிப்பக்கத் திருப்பல் மட்டும் போய்விட்டது என்றால் தசை மாற்று. 1988-லிருந்து லாட்டிஸிமஸ் டார்சியை மாற்றி வைக்கிறார்கள். இப்போது ட்ரபீசியஸின் கீழ்ப்பகுதியை ஒரு நாண் ஒட்டோடு நீட்டி இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் இடத்தில் தைப்பது பரவி வருகிறது, இழுப்புத் திசை ஒத்துப்போவதால். கொடையாளி அகில்லஸ் நாண் கிடைப்பது கஷ்டம் என்றால் நோயாளியின் தொடைப் பின்பக்க நாணையே எடுக்கலாம். புதுத் தசைக்குப் புது வேலை கற்றுத்தர ஆறு மாதத்துக்கு மேல் பிசியோ வேண்டும். அதற்கு வர முடியாதவருக்கு இந்த அறுவையைச் செய்யாதீர்கள்.

#11 – ஆர்த்தோ_அடையாறு

ரிவர்ஸ் மூட்டை நான் எழுதுகிறேன். பிரெஞ்சு அறுவை நிபுணர் பால் கிராமோன் 1985-ல் வடிவமைத்தது. கிண்ணம் இருந்த இடத்தில் உலோகப் பந்து, பந்து இருந்த இடத்தில் கிண்ணம். சுழலும் மையம் உள்ளேயும் கீழேயும் நகர்வதால் டெல்டாய்டு தனியாகவே கையைத் தூக்கிவிடும், கஃப் தேவையில்லை. 70 வயது, பொய் வாதம், தேய்மானமும் சேர்ந்திருக்கிறது என்றால் இதைவிட நம்பகமான அறுவை தோளில் இல்லை. பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது மூட்டுகள் மாற்றாமல் நிற்கின்றன.

டெல்டாய்டும் ஆக்ஸிலரி நரம்பும் வேலை செய்ய வேண்டும், அது இல்லையென்றால் இந்த மூட்டு வெறும் உலோகம். டெரஸ் மைனர் போயிருந்தால் கை உயரும், ஆனால் வெளிப்பக்கம் திரும்பாது. தலை வாரும்போது கை முன்னால் சரிந்து விழும்.

நம் ஊருக்கு இன்னொன்று முக்கியம். ரிவர்ஸுக்குப் பிறகு கை முதுகுக்குப் பின்னால் போவது பலருக்குக் குறைந்துவிடும். இடது தோள் என்றால் கால் கழுவுவது சிரமமாகும். பெண்களுக்கு உள்ளாடைக் கொக்கி. கேட்கக் கூச்சப்பட்டு யாரும் கேட்க மாட்டார்கள், நாமாகத்தான் முன்பே சொல்ல வேண்டும். கழிவறையில் ஹெல்த் ஃபாசெட் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இடம் பெயரும் நிலை எது என்பதையும் வீட்டாருக்குக் காட்டுங்கள். கையைப் பின்னால் ஊன்றி, உடம்போடு ஒட்டி, உள்பக்கம் திருப்பிய நிலை. பாயிலிருந்து கை ஊன்றி எழுகிறோமே, அதேதான். முதல் 12 வாரம் தரையில் உட்காரவே வேண்டாம்.

கிருமித் தொற்று: அக்குள் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் வாழும் க்யூட்டிபாக்டீரியம் மெதுவாக வளரும். காய்ச்சல் வராது, சீழ் வராது, வலி மட்டும் விடாமல் இருக்கும். லேபுக்கு அனுப்பும் மாதிரியை 14 நாள் வைத்திருக்கச் சொல்லாவிட்டால் ஐந்தாம் நாள் "வளர்ச்சி இல்லை" என்று கொடுத்துவிடுவார்கள். அறுவைக்கு முன் சில நாள் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடை அக்குளிலும் தோளிலும் போட்டுக் கழுவுவது அந்தக் கிருமியைக் குறைக்கிறது.

#12 – ராயபுரம்_பிசியோ

டாக்டர்கள் எல்லாம் தியேட்டரோட நிறுத்திட்டீங்க. தையல் அறுந்துபோறது பெரும்பாலும் தியேட்டருக்கு வெளியில, முதல் மூணுலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள. அந்தக் காலம் முழுக்க எங்க கையில இருக்கு.

நாண் எலும்போட ஒட்டி ஓரளவு பலம் வர 12 வாரம் ஆகும். அதுவரை தாங்குறது நூல் மட்டும்தான். ஆனா வலி அஞ்சாவது ஆறாவது வாரத்துலேயே குறைஞ்சிடும். "வலியே இல்ல, ஒட்டிடுச்சு"ன்னு தண்ணி கேனைத் தூக்குறது அங்கதான். வலி இல்லாததுக்கும் ஒட்டினதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு முதல் நாளே சொல்லணும், வீட்டு ஆளுங்க முன்னாடி சொல்லணும்.

பெரிய கிழிசலுக்கு நான் போற வழி: ஆறு வாரம் பக்கத் தலையணை வச்ச ஸ்லிங், தூங்கும்போதும். விரல், மணிக்கட்டு, முழங்கை அசைவு முதல் நாளிலேர்ந்து. தோளைத் தானா தூக்கக் கூடாது. ரெண்டு வாரத்துக்கு அப்புறம் மேஜை மேல துணி போட்டு, உடம்பை முன்னால சாய்ச்சு கையைச் சறுக்கவிடலாம். சப்ஸ்காபுலாரிஸ் தைச்சிருந்தா வெளிப்பக்கம் திருப்பறது நேர்க்கோட்டைத் தாண்டக் கூடாது. ஆறாவது வாரத்துலேர்ந்து மறு கை உதவியோட, எட்டாவது வாரத்துலேர்ந்து தானா. ரப்பர் பேண்டு 12-க்கு முன்னாடி கிடையாது, ரெண்டு நாண் தைச்சிருந்தா 16. மூட்டை, வலை இழுக்கறது, தலைக்கு மேல சுத்தியல் எல்லாம் ஆறுலேர்ந்து ஒன்பது மாசம்.

சீக்கிரம் அசைச்சா இறுக்கம் வராதுன்னு சிலர் ரெண்டாவது நாளே ஆரம்பிக்கிறாங்க. சின்னக் கிழிசல்ல பெரிய வித்தியாசம் இல்ல. பெரிய கிழிசல்ல மறுகிழிசல் கூடுது. மூணாவது மாசம் கொஞ்சம் இறுக்கமா இருக்கற தோளைப் பார்த்துப் பயப்படாதீங்க, அதுங்கதான் நல்லா ஒட்டுது. இறுக்கம் ஒரு வருஷத்துல விட்டுடும். ஆறாவது வாரமே முழுக்கத் தூக்கற தோள்தான் எனக்குக் கவலை.

சர்க்கரை இருந்தா இறுக்கமும் அதிகம், ஒட்டறதும் குறைவு. ஹெச்பிஏ1சி (மூணு மாச சர்க்கரை சராசரி) 8-க்கு மேல இருந்தா அறுவையைத் தள்ளிப்போடச் சொல்லுங்க டாக்டர், தயவுசெஞ்சு. தோள்ல ஸ்டீராய்டு ஊசி போட்டு ஒரு மாசம்கூட ஆகாம தைக்கறதும் வேண்டாம், தொற்று கூடும். மூணு மாசம் விட்டா நல்லது.

மே மாசம் நம்ம ஊர்ல ஸ்லிங் போட்டா அக்குள் வெந்து புண்ணாகும். ஆளுங்க ஸ்லிங்கைக் கழட்டிப்போட அதுதான் முக்கியக் காரணம், சோம்பல் இல்ல. அக்குள்ல மடிச்ச பருத்தித் துணி, வேர்த்ததும் மாத்தணும். குளிக்கும்போது ஸ்லிங்கைக் கழட்டி, ஸ்டூல்ல உக்காந்து முன்னால குனிஞ்சா கை தானா தொங்கி அக்குள் திறக்கும், தூக்கவே வேண்டாம். எம்டிசி பஸ்ல மேல் கம்பியைப் பிடிக்கறது, கொடியில துணி போடறது, வலது கைன்னா வண்டி ஆக்சிலரேட்டர், எல்லாம் மூணு மாசம் தள்ளி.

#13 – தோள்_பிசியோ_கேகேநகர்

ராயபுரம் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அறுவையே வேண்டாம் என்று முடிவான வயதானவர்களுக்கு டெல்டாய்டு பயிற்சி. மல்லாந்து படுத்து, மறு கையால் கையை நேர் மேலே கூரையைப் பார்க்க நிறுத்தி, அங்கேயே முன்னும் பின்னுமாகச் சின்ன அசைவு. ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று முதல் ஐந்து முறை. அது தன்னம்பிக்கையோடு வந்ததும் கையில் சின்னத் தண்ணீர் பாட்டில். பிறகு தலைப்பக்கத்தைத் தலையணையால் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, கடைசியில் உட்கார்ந்து. 12 வாரம் விடாமல் செய்ய வேண்டும். முழுத் தடிமன் கிழிசலோடு, அடிபடாமல் தானாக வந்த 452 பேரிடம் அமெரிக்காவில் பிசியோ மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் அறுவைக்குப் போனவர்கள் நாலில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதில் பெரிய கிழிசல்கள் குறைவுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

#14 – காப்பீடு_மேசை

பேப்பர் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சில வரிகள். பில்லை ஏற்றுவது ஆங்கர் எண்ணிக்கை. மூன்று ஆங்கருக்கு முன் அனுமதி வாங்கிவிட்டு ஐந்து போட்டால், டிஸ்சார்ஜுக்கு முன்பே கூடுதல் அனுமதி கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு ஆங்கரின் பெட்டியிலும் உள்ள லாட் நம்பர் ஸ்டிக்கரை கேஸ் ஷீட்டில் ஒட்டியிருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் அந்த ஆங்கரின் பணம் வராது. விபத்தில் கிழிந்தது என்றால் முதல் நாள் ஓ.பி. சீட்டிலேயே விழுந்த தேதி இருக்கட்டும். எம்ஆர்ஐயில் "தேய்மானக் கிழிசல்" என்று மட்டும் இருந்தால் பழைய நோய் என்று நிறுத்துவார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருபவர்களுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் முதலில் தயாராக இருந்தால் அனுமதி தாமதமாகாது.

#15 – ஸ்கேன்_அறை

ஸ்டிக்கர் பற்றிச் சொன்னது எங்களுக்கும் உதவும். டைட்டானியம் ஆங்கர் என்றால் எம்ஆர்ஐயில் கரும்புள்ளியாக நாணை மறைக்கும். பீக் (ஒரு வகை பிளாஸ்டிக்) அல்லது நூல் ஆங்கர் என்றால் தெளிவாகப் பார்க்கலாம். எது போட்டது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதுங்கள்.

#16 – முதுநிலை_மாணவர்

கடைசியாக ஒன்று. ஒட்டிவிட்டதா என்று எப்போது ஸ்கேன் செய்ய வேண்டும்? எல்லோருக்கும் செய்ய வேண்டுமா?

#17 – ஸ்கேன்_அறை

அல்ட்ராசவுண்டு போதும், மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும். மூன்றாம் மாதத்தில் தைத்த நாண் தடித்து, கலங்கலாக, நூல்களோடு பயமுறுத்தும் படமாக இருக்கும். அதை மறுகிழிசல் என்று எழுதிவிடக் கூடாது. நீர் நிரம்பிய இடைவெளி தெளிவாகத் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள்.

#18 – ராயபுரம்_பிசியோ

மூணாவது மாச ஸ்கேனை நான் கேக்கறது ஒரே காரணத்துக்கு, ரப்பர் பேண்டு கொடுக்கலாமா வேண்டாமான்னு. இடைவெளி தெரிஞ்சா பேண்டை ஓரமா வச்சுட்டு சர்ஜனுக்கு போன் பண்ணுவேன். வலி இல்லாம கை தூக்கறவருக்கு ஸ்கேன்ல ஓட்டை தெரிஞ்சாலும் உடனே மறுபடி தைக்க ஓட வேண்டாம் தம்பி, அவருக்கு மேடம் சொன்ன படுத்துச் செய்யற டெல்டாய்டு பயிற்சியை ஆரம்பிச்சு விட்டுடுவேன்.